சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய எலிசபெத் ஃபிரை அம்மையார்

முன்னுரை

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலையில், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை என ஒரு பகுதி உண்டு. அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை, சிறைக்கோட்டத்துள் புகுந்து ஆங்குப் பசியால் வாடியோர்க்கு உணவளிக்கிறாள். செய்தியறிந்து அழைத்த சோழ வேந்தனிடம் தனக்கென எதனையும் வேண்டாது, அச்சிறையை அறவோர் வாழும் இடமாக மாற்றித் தருமாறு கேட்கிறாள். வேந்தனும் அவ்வாறே செய்கிறான். காப்பிய உலகில் ஒரே வேண்டுகோளால் நிறைவேறிய இச்செயலை, வரலாற்று உலகில் ஒரு பெண்மணி நிகழ்த்த முற்பட்டபோது, அதற்கு அவருடைய வாழ்நாளில் முப்பதாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. அப்போதும் அப்பணி முற்றுப்பெறவில்லை. இங்கிலாந்து நாட்டின் எலிசபெத் ஃபிரை அம்மையாரே அப்பெண்மணி ஆவார். சிறையுள் இருப்போரின் துயர் துடைத்ததோடு அமையாது, சிறையினின்று வெளியேறுவோர் எங்குச் செல்வர், எவ்வாறு வாழ்வர் என்னும் வினாவையும் உலகின் முன் வைத்தவர் அவர். அவர்தம் வாழ்வையும் பணியையும் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

எலிசபெத் அம்மையார் 1780ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள நார்விச் நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் கர்னி வணிகமும் வங்கித் தொழிலும் நடத்திய செல்வக் குடும்பத்தினர். தாயார் கேத்தரின், வங்கித் தொழிலில் புகழ்பெற்ற பார்க்கிளே குடும்பத்தின் வழிவந்தவர். இரு வீட்டாரும் குவேக்கர் என வழங்கப்பெறும் நண்பர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். எளிய உடை, ஆரவாரமற்ற வழிபாடு, போரை மறுத்தல், மாந்தர் அனைவரையும் ஒப்ப மதித்தல் ஆகியவை அச்சங்கத்தாரின் நெறிகளாகும். பெண்டிரும் அவையில் எழுந்து அறவுரை ஆற்றலாம் என்பது அவர்களிடையே இருந்த மரபு. பெண்கள் பொது மேடை ஏறுதலைப் பிறர் ஏற்காத அக்காலத்தில், இம்மரபே அம்மையாரின் பிற்காலப் பணிக்குப் பெருந்துணையாயிற்று.

பன்னிரண்டாம் வயதில் எலிசபெத் தாயை இழந்தார். எர்ல்ஹாம் மாளிகையில் உடன்பிறந்தார் பலரோடு வளர்ந்த அவர், இளமையில் ஆடலும் பாடலும் வண்ண ஆடைகளும் விரும்பியவராகவே இருந்தார். 1798ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் சேவரி என்னும் குவேக்கர் அறவுரையாளரின் பேச்சை நார்விச்சில் கேட்டார். அப்பேச்சு பதினேழு வயது நங்கையின் உள்ளத்தைத் திருப்பியது. அது முதல் ஏழையரையும் நோயாளரையும் நாடிச் செல்வதும், சிறுவர்க்கு எழுத்தறிவிப்பதும் அவருடைய அன்றாடக் கடமைகளாயின.

1800ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவருக்கும் ஜோசப் ஃபிரை என்பவர்க்கும் திருமணம் நிகழ்ந்தது. கணவர் தேயிலை வணிகமும் வங்கியும் நடத்திய குடும்பத்தினர். இலண்டன் மாநகரின் நடுவில் தொடங்கிய இல்லறம் 1809இல் ஈஸ்ட் ஹாமில் இருந்த பிளாஷெட் இல்லத்திற்கு மாறியது. இருவர்க்கும் பதினொரு மக்கள் பிறந்தனர். 1811இல் நண்பர் சங்கம் அம்மையாரைத் தன் அறவுரையாளருள் ஒருவராக ஏற்றுக்கொண்டது.

நியூகேட் சிறையின் நிலை

அக்கால இங்கிலாந்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கச் சட்டம் இடந்தந்தது. சிறு களவும் கள்ளப்பணத்தாள் கைமாற்றலும் உயிரைப் பறிக்கும் குற்றங்களாய் இருந்தன. தூக்கிலிருந்து தப்பியோர் ஆஸ்திரேலியாவிற்கு நாடு கடத்தப்பட்டனர். சிறை என்பது பெரும்பாலும் விசாரணைக்கோ, தூக்கிற்கோ, கப்பலுக்கோ காத்திருக்கும் இடமாகவே இருந்தது. காத்திருப்போர் எவ்வாறு இருந்தால் என்ன என்பதே ஆட்சியாளரின் எண்ணமாக இருந்தது. ஜான் ஹோவர்டு என்னும் பெரியார் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நாடெங்கும் சிறைகளைச் சுற்றிப் பார்த்து, 1777இல் விரிவான நூல் எழுதியிருந்தார். எனினும் நிலைமை பெரிதும் மாறவில்லை.

1813ஆம் ஆண்டின் கடுங்குளிரில் ஸ்டீபன் கிரெலெட் என்னும் குவேக்கர் அன்பர் இலண்டன் நியூகேட் சிறையைக் கண்டு மனம் நொந்தார். அவர் ஃபிரை அம்மையாரிடம் வந்து, சிறையில் பிறந்த குழந்தைகள் போர்த்த ஆடையின்றிக் கிடப்பதைக் கூறினார். அம்மையார் ஆடைகளைத் தைத்து எடுத்துக்கொண்டு, ஆனா பக்ஸ்டன் என்னும் தோழியுடன் நியூகேட்டிற்குச் சென்றார்.

ஆங்கு அவர் கண்ட காட்சி கொடிதினும் கொடிது. ஏறத்தாழ முந்நூறு பெண்களும் அவர்தம் குழந்தைகளும் இரண்டு கூடங்களிலும் இரண்டு அறைகளிலும் அடைபட்டிருந்தனர். விசாரணைக்குக் காத்திருந்தோரும், தூக்கிற்குக் குறிக்கப்பட்டோரும், சிறு களவு செய்தோரும், கொடுங்குற்றம் புரிந்தோரும் ஒரே இடத்தில் கலந்திருந்தனர். சமைப்பதும் துவைப்பதும் உறங்குவதும் அவ்விடத்திலேயே. படுக்கை இல்லை, வெறுந்தரையே பாயாயிற்று. கையில் காசுடையோர்க்கு மது கிடைத்தது. இல்லாதோர் கம்பிகளின் வழியே கையை நீட்டி வருவோரிடம் இரந்தனர். காவலரும் தனியே உள்ளே செல்ல அஞ்சினர். அத்தகைய இடத்தில் இரு பெண்கள் துணிந்து நுழைந்தனர்.

அம்மையாரின் பணி அன்றே தொடங்கிவிடவில்லை என்பது ஈண்டு நினையத்தக்கது. மகப்பேறு, கணவரின் வங்கிக்கு நேர்ந்த நெருக்கடி, 1815இல் நான்கு வயது மகளின் மறைவு ஆகியவை அவரை இல்லத்தோடு பிணித்தன. நான்காண்டு இடைவெளிக்குப் பின்னரே, தம் மகவை இழந்த தாயாக அவர் மீண்டும் அச்சிறை வாயிலை அடைந்தார்.

கைதியரைக் கேட்டு இயற்றிய விதிகள்

1816ஆம் ஆண்டு இறுதியில் மீண்டும் நியூகேட்டிற்கு வந்த அம்மையார், அங்கிருந்த தாய்மாரிடம் அவர்தம் குழந்தைகளைப் பற்றியே முதலில் பேசினார். குற்றமற்ற இக்குழந்தைகளுக்கு ஒரு பள்ளி வேண்டாமா என வினவினார். தாய்மார் கண்ணீரோடு இசைந்தனர். கைக்கடிகாரம் திருடிய குற்றத்திற்காகச் சிறைப்பட்டிருந்த, எழுதப் படிக்க அறிந்த பெண்ணொருத்தியை அவர்களே ஆசிரியராகத் தேர்ந்தெடுத்தனர். ஒரு சிற்றறையில் பள்ளி தொடங்கியது. குழந்தைகளோடு இளம் பெண்களும் கற்க விரும்பி வாயிலில் நெருங்கினர்.

1817ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் நியூகேட் பெண் கைதியர் முன்னேற்றச் சங்கம் அமைந்தது. பன்னிரு பெண்டிர் அதில் உறுப்பினராயினர். அவருள் பதினொருவர் குவேக்கர், ஒருவர் குருவின் மனைவி. முறை வைத்து நாள்தோறும் சிறைக்குச் செல்வதென உறுதி பூண்டனர். கைதியரை வழிநடத்த மேற்பார்வைப் பெண்மணி ஒருவரையும் அமர்த்தினர். இம்முயற்சி வீணென்றே நகராட்சி அதிகாரிகள் முதலில் கருதினர். கொடுக்கும் துணியையே திருடிவிடுவர் எனச் சிலர் எள்ளினர்.

அம்மையார் மேற்கொண்ட முறையின் சிறப்பு யாதெனில், விதிகளை அவர் கைதியர்மீது சுமத்தவில்லை. பெண்கள் அனைவரையும் ஒன்றுகூட்டி, ஒவ்வொரு விதியாகப் படித்துக்காட்டி, இசைவு இருப்பின் கையுயர்த்துமாறு வேண்டினார். இரத்தல், சூதாட்டம், சண்டை, தகாச் சொல் ஆகியவற்றை விலக்குதல், குழுக்களாகப் பிரிந்து குழுத்தலைவியின் பொறுப்பில் பணி செய்தல் முதலியன அவ்விதிகள். ஒவ்வொன்றிற்கும் கைகள் உயர்ந்தன. நாடாளுமன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமை பெண்களுக்கு இல்லாத காலம் அது. அக்காலத்தில், இகழப்பட்ட கைதிப் பெண்கள் தாம் வாழும் இடத்தின் சட்டத்திற்குத் தாமே இசைவளித்தனர் என்பது வியத்தற்குரியது.

தையலும் பின்னலும் அவர்களுக்குத் தொழிலாயின. ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்கு ஆடை அனுப்பிவந்த வணிக நிறுவனம் ஒன்றை அம்மையார் நாடினார். அந்நிறுவனம் இச்சிறையில் தைத்த ஆடைகளை வாங்க உடன்பட்டது. ஓராண்டிற்குள் ஏறத்தாழ 20,000 உடைகள் அவர்தம் கைகளால் உருவாயின. கூலியின் ஒரு பகுதி கைதியர்க்கே உரியதாயிற்று. சில திங்களில் இலண்டன் நகரத் தலைவர் வந்து கண்டு வியந்தார். சங்கத்தின் முறை சிறையின் முறையாகவே ஏற்கப்பட்டது. எள்ளியவரும் பின்னர் வாயடைத்தனர்.

நாடாளுமன்றத்தின் முன்

1818ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இலண்டன் சிறைகளை ஆராய்ந்த மக்களவைக் குழுவின் முன் அம்மையார் சான்றுரைத்தார். பெண்ணொருவர் இவ்வாறு நாடாளுமன்றக் குழுவின் முன் அழைக்கப்பட்டமை அந்நாளில் புதுமை. பெண் கைதியரைப் பெண்களே காக்க வேண்டும், பயனுள்ள தொழில் தர வேண்டும், குற்றத்தின் தன்மைக்கேற்பப் பிரித்து வைக்க வேண்டும் என்பன அவர் வலியுறுத்தியவை. அவருடைய தங்கையின் கணவரும் நாடாளுமன்ற உறுப்பினருமாகிய தாமஸ் ஃபோவெல் பக்ஸ்டன் அதே ஆண்டில் சிறைமுறை பற்றி நூலொன்று வெளியிட்டார். அதே ஆண்டில் தம் உடன்பிறந்தாராகிய ஜோசப் ஜான் கர்னியுடன் வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பல சிறைகளை அம்மையார் கண்டார். சென்ற ஊர்களில் பெண்டிர் கூட்டங்களைக் கூட்டி, அவ்வவ்வூர்ச் சிறையைப் பார்வையிடும் குழுக்களை அமைத்தார். சிறைச்சீர்திருத்தம் அரசின் வேலை மட்டுமன்று, ஊரார் அனைவரின் பொறுப்பு என்பதை அவர் செயலால் உணர்த்திய வழி இதுவே. 1821இல் இக்குழுக்களை இணைத்து, பெண் கைதியர் சீர்திருத்தத்திற்கான பிரித்தானியப் பெண்டிர் சங்கம் உருவாயிற்று. 1823இல் உள்துறை அமைச்சர் இராபர்ட் பீல் கொண்டுவந்த சிறைச்சட்டம், பெண் கைதியர்க்குப் பெண் காவலரை வகுத்தது. மருத்துவரும் குருவும் முறையாகச் சிறைக்கு வருதலையும் அது கட்டாயமாக்கியது.

வெற்றிகளின் நடுவே தோல்வியும் உண்டு. கள்ளப்பணத்தாளைக் கைமாற்றிய குற்றத்திற்காக 1818இல் ஹாரியட் ஸ்கெல்டன் என்னும் பெண்ணுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அம்மையார் அவளுக்காக இங்கிலாந்து வங்கியிடமும், அப்போதைய உள்துறை அமைச்சர் சிட்மவுத் பிரபுவிடமும் மன்றாடினார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை, அப்பெண் தூக்கிலிடப்பட்டாள். அமைச்சர்க்கும் அம்மையார்க்கும் இடையே மனக்கசப்பு மூண்டது. எனினும் அவரும் அவரைப் போன்றோரும் எழுப்பிய குரல் வீண்போகவில்லை. 1832, 1837ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் இங்கிலாந்தில் கள்ளக்கையெழுத்து, கள்ளப்பணத்தாள் குற்றங்களுக்குரிய தூக்குத் தண்டனை முற்றும் நீங்கியது.

சிறைவாயிலுக்கு அப்பால்

தண்டனை முடிந்தபின் கைதியின் நிலை யாது? அம்மையாரின் தொண்டில் தனிச்சிறப்புடைய பகுதி இவ்வினாவில் தொடங்குகிறது. நாடு கடத்தப்படும் பெண்கள் விலங்கிடப்பட்டுத் திறந்த வண்டிகளில் துறைமுகம் கொண்டு செல்லப்பட்டனர். வழியெங்கும் கூட்டம் கூடி அவர்களை ஏசியது; அழுக்கை வாரி எறிந்தது. புறப்படும் நாளுக்கு முந்தைய இரவில் வெறிபிடித்தாற்போல் அவர்கள் சிறைப்பொருள்களை உடைத்தெறிவது வழக்கமாக இருந்தது. 1818இல் அம்மையார் மூடிய வண்டிகளில் அவர்களை அழைத்துச் செல்ல ஆளுநரை இசைவித்தார். தாமும் உடன் செல்வதாக வாக்களித்து, அவ்வாறே சென்றார். அவ்வாண்டு உடைப்பும் இல்லை, கலகமும் இல்லை. அவமதிப்பை நீக்கியதே அடக்கத்தை விளைத்தது.

கப்பலேறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சங்கத்தார் ஒரு பை வழங்கினர். மறைநூலோடு ஏப்ரன் என்னும் மேலாடை, கத்தரிக்கோல், நூற்கண்டுகள், 100 ஊசிகள், இரண்டு இராத்தல் ஒட்டுத்துணிகள் ஆகியவை அதில் இருந்தன. பல திங்கள் நீளும் கடற்பயணத்தில் அவர்கள் ஒட்டுப்போர்வை தைப்பர். அதை விற்றுக் கைப்பொருள் பெறுவர். இறங்கும் நாட்டில் வெறுங்கையோடு நில்லாதிருக்க அப்பொருள் உதவும். எளிய ஊசியும் நூலும் புதுவாழ்வின் முதலீடாயின. 1841இல் ராஜா என்னும் கப்பலில் ஹோபர்ட் சென்ற பெண்கள் தைத்த போர்வை ஒன்று இன்றும் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் காக்கப்பெறுகிறது. அப்போர்வையில் 2,815 துண்டுகள் உள்ளன. தமக்கு உதவிய சங்கத்தார்க்கு நன்றி கூறும் எழுத்துகளையும் அதில் அவர்கள் தைத்துள்ளனர். குற்றவாளியர் என நாடு தள்ளிய கைகள் நன்றியை மறக்கவில்லை. அம்மையார் தம் வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட கைதிக் கப்பல்களுக்கு நேரில் சென்று வழியனுப்பினார் என்பர்.

கப்பல் கரைசேர்ந்த பின்னரும் துயர் தீரவில்லை. பாரமட்டா ஊரில் இறங்கிய பெண்களுக்கு இரவில் தங்க இடமில்லை என்றும், அதனால் அவர்கள் தீநெறியில் வீழ்கின்றனர் என்றும் ஆங்குப் பணியாற்றிய சாமுவேல் மார்ஸ்டன் என்னும் குரு அம்மையார்க்கு எழுதினார். அம்மையார் அச்செய்தியை ஆட்சியாளர் செவிக்குக் கொண்டுசென்றார். உள்நாட்டில் விடுதலை பெற்ற பெண்களின் நிலையும் அதுவே. அவர்களை வேலைக்கு அமர்த்துவார் இலர். வீட்டார் ஏற்பதும் இல்லை. பசி அவர்களை மீண்டும் குற்றத்திற்கே தள்ளியது. ஆகவே சங்கத்தார் 1822இல் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில், விடுதலையான பெண்கள் தங்கித் தொழில் பழகச் சிறிய இல்லம் ஒன்றைத் தொடங்கினர். 1825இல் செல்சியாவில், வழிதவறும் நிலையில் இருந்த சிறுமியர்க்கென ஒரு பள்ளியும் தோன்றியது. இடம் சிறிது, தங்கியோர் சிலரே. எனினும் சிறைக்கும் வீட்டிற்கும் இடையே ஒரு பாலம் வேண்டும் என்னும் உண்மைக்கு அவை வித்தாயின.

வீழ்ச்சியும் மறுப்பும்

1828ஆம் ஆண்டு இறுதியில் கணவரின் வங்கி முறிந்தது. பிறர் பொருளை இழப்பித்தார் என ஜோசப் ஃபிரையை நண்பர் சங்கம் தன் உறுப்பினின்றும் நீக்கியது. பிளாஷெட் இல்லம் கைவிட்டுப் போயிற்று. குடும்பம் உப்டன் என்னும் இடத்தில் சிறிய வீட்டிற்குக் குடிபெயர்ந்தது. வங்கிப் பணமே அம்மையாரின் அறச்செயல்களில் கரைந்தது எனப் பழிச்சொல்லும் எழுந்தது. குழந்தைகளைப் புறக்கணித்து ஊர்சுற்றுகிறார் என்னும் குறை முன்னரே இருந்தது. சிறையைக் கண்டோர் அஞ்ச வேண்டுமேயன்றி, அது கல்விக்கூடம் ஆகலாகாது என எழுத்தாளர் சிட்னி ஸ்மித் போன்றோர் வாதிட்டனர்.

கருத்து வழியிலும் காலம் அவரை விட்டு விலகியது. 1835இன் சட்டம் அரசுக் கண்காணிப்பாளரை அமர்த்தியது. கைதியைத் தனியறையில் ஒருவரோடும் பேசவிடாது அடைத்தால் தானே திருந்துவான் என்பது அப்புதிய அதிகாரிகளின் நம்பிக்கை. அந்நெறியில் 1842இல் பென்டன்வில் சிறை திறக்கப்பட்டது. நெடுநாள் தனிமை உள்ளத்தைச் சிதைக்கும் எனவும், மாந்தரோடு வாழ வேண்டியவரை மாந்தரினின்று பிரித்துப் பழக்குதல் தகாது எனவும் அம்மையார் எதிர்த்தார். அரசு செவிசாய்க்கவில்லை. பின்வந்த அறிஞர் பலர் தனிமைச் சிறையின் கேட்டை உணர்ந்து உரைத்தனர். அன்று தோற்ற கருத்தே பின்னர் வென்றது.

இவற்றால் தளராத அம்மையார் பிரான்சு, ஜெர்மனி, டென்மார்க் முதலிய நாடுகளுக்குச் சென்று சிறைகளைப் பார்வையிட்டார். கடற்கரைக் காவலர்க்கு நூலகங்கள் அமைத்தார். 1840இல் செவிலியர் பயிற்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1842இல் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் அவருடன் நியூகேட்டிற்கு வந்து, பின் உப்டன் இல்லத்தில் உணவருந்தினார்.

மறைவும் நிலைத்த பயனும்

1845ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் ராம்ஸ்கேட் நகரில் அம்மையார் மறைந்தார். பார்க்கிங் நகரில் உள்ள நண்பர் சங்க இடுகாட்டில் அவருடல் அடக்கம் செய்யப்பெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமைதியாக நின்று விடை கொடுத்தனர்.

அவர் நினைவாக அன்பர்கள் 1849இல் இலண்டன் ஹாக்னியில் எலிசபெத் ஃபிரை புகலிடத்தைத் திறந்தனர். சிறையினின்று வெளிவந்த பெண்கள் சின்னாள் தங்கி வேலை தேடிச் செல்லும் இல்லம் அது. கனடா நாட்டில் 1939இல் வான்கூவரில் அவர் பெயரால் ஒரு சங்கம் தோன்றியது. பின்னர்ப் பல நகரங்களிலும் அத்தகைய சங்கங்கள் பெருகின. ஆண்டுதோறும் மே மாதத்தில், அன்னையர் நாளுக்கு முந்தைய வாரத்தை அச்சங்கங்கள் எலிசபெத் ஃபிரை வாரமாகக் கொண்டாடுகின்றன. சிறைப்பட்ட பெண்களுள் தாய்மார் பலர் என்பதை ஊரார்க்கு நினைவூட்டுதலே அந்நாளைத் தெரிந்த காரணமாகும்.

இங்கிலாந்து வங்கி 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஐந்து பவுன் பணத்தாளில், நியூகேட்டில் கைதியர்க்குப் படித்துக்காட்டும் அம்மையாரின் உருவம் பொறிக்கப்பட்டது. 2017 வரை அத்தாள் வழங்கியது. கள்ளப்பணத்தாளுக்காக ஒரு பெண்ணின் உயிரைக் காக்க எவ்வங்கியின் வாயிலில் அம்மையார் நின்று வெறுங்கையோடு திரும்பினாரோ, அவ்வங்கியின் தாளிலேயே அவர் முகம் இடம்பெற்றது. காலம் வழங்கிய தீர்ப்பு இஃது எனலாம்.

முடிவுரை

ஃபிரை அம்மையார் சட்டம் கற்றவர் அல்லர். பதவி வகித்தவரும் அல்லர். குற்றத்தை அவர் குற்றமன்று எனக் கூறியதும் இல்லை. குற்றம் செய்தவளும் ஒரு தாய், ஒரு மகள், நாளை நம் தெருவில் வாழப்போகும் ஒருத்தி என்பதை மட்டும் அவர் ஒருபோதும் மறக்கவில்லை. சிறைக்கதவு ஒருநாள் திறந்தே தீரும். திறக்கும்போது வெளிவருவோர்க்கு ஒரு தொழிலும், ஒரு கூரையும், ஏற்றுக்கொள்ளும் ஒரு முகமும் இல்லையெனில், தண்டனை முடிந்ததாகச் சட்டம் கூறினும் அது முடிந்ததாகாது. அத்தண்டனையை நீட்டிப்பது நீதிமன்றம் அன்று, நாமே. இவ்வுண்மையை உணர்ந்து, விடுதலை பெற்றோரைப் புறந்தள்ளாது அரவணைக்கும் உள்ளத்தை இளைய தலைமுறையினர் பெறுதல் வேண்டும். மணிமேகலை வேந்தனிடம் வேண்டியதும், ஃபிரை அம்மையார் வாழ்நாளெல்லாம் உழைத்ததும் அதன் பொருட்டேயாம்.